முதலில் பிளாங்க் போடுங்கள்

நான் ஓய்வு பெற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் விடியற்காலையில் விழிப்புத் தட்டினால் என் காது முதலில் தேடுவது ஒரு பம்ப்பின் சத்தத்தைத்தான். கிணற்றுப் பம்ப் இல்லை, காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் ரோட்டரி பம்ப். கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தின் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஆய்வகம் 1990 முதல் 2013 வரை என் பொறுப்பில் இருந்தது. அத்தனை வருஷமும் அந்தப் பம்ப் இரவு பகலாக ஓடியது. அதன் சுருதி கொஞ்சம் மாறினாலும், பக்கத்து அறையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும், என் பேச்சு நின்றுவிடும்.

சத்தம் கேட்கப் பழக்கியது அப்பா. பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பு மில்லில் அவர் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் தெரிந்தவர்கள் தோட்டத்து மோட்டாரைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நானும் போவேன். ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். பேரிங் தேய்ந்த சத்தம் எது, ஷாஃப்ட் உரசும் சத்தம் எது என்று என் காதிலும் வைத்துக் காட்டுவார். "மிஷினு பேசும் கண்ணு, நாமதான் காது குடுக்கோணும்" என்பார். பின்னாளில் கடல் தாண்டி வந்த கருவியின் பம்ப்பையும் நான் ஸ்க்ரூடிரைவர் வைத்துத்தான் கேட்டேன். ஒரு முறை மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்தது. புதிது வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்காரர் பழையதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் அதே அளவில் ஒன்று கடைந்து கொடுத்தார். நான்கு வருஷம் ஓடியது. இந்த ஊரில் ஆய்வகம் நடத்தக் கிடைத்தது என் பாக்கியம் என்று அன்றைக்குத் தோன்றியது. அந்த எண்ணம் இன்றுவரை மாறவில்லை.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால் களத்துமேட்டைத்தான் காட்டுவேன். சோளத்தை முறத்தில் அள்ளிக் காற்றில் தூற்றினால் மணி காலடியில் விழும், சருகு தள்ளிப் போய் விழும். எடைக்கு எடை விழும் இடம் வேறு. இந்தக் கருவியும் அதையே மூலக்கூறுக்குச் செய்கிறது. மூலக்கூறுக்கு ஒரு மின்னேற்றம் கொடுத்து, காற்றே இல்லாத வெளியில் ஓடவிட்டு, எது எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்து எடையைச் சொல்கிறது. காற்று இருந்தால் ஓடுகிறவன் இடறி விழுவான். அதனால்தான் இரவு பகலாகப் பம்ப்.

நம் ஈரோட்டு மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறத்துக்குக் காரணமான குர்குமினின் எடை 368. அதன் தம்பி ஒருவன் உண்டு, 338. அதற்கும் இளையவன், 308. முப்பது முப்பதாக இறங்கும் மூன்று படி. மூலக்கூறின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீதாக்சி என்ற சிறு கொத்து ஒவ்வொன்றாகக் கழன்று, அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜன் உட்கார்ந்தால் முப்பது குறையும். நம் வீட்டு மஞ்சள் டப்பாவுக்குள் இந்த மூன்று பேரும் எப்போதும் சேர்ந்தே இருக்கிறார்கள். முதன்முதலாக அந்த மூன்று கோடுகளைத் திரையில் பார்த்த அன்று, வீட்டுக்குப் போய் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைமுறைக்கு அந்தக் கோடுகள் எளிதில் கிடைக்கவில்லை. எழுபதுகளின் கடைசியில் முனைவர் பட்டத்துக்காக ஒரு செடியின் வேரிலிருந்து பொருள்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பல மாத உழைப்பு ஒரு சின்னக் குப்பியின் அடியில் ஒட்டியிருக்கும். அதைப் பஞ்சில் சுற்றி, டப்பாவில் அடைத்து, பதிவுத் தபாலில் லக்னோவில் இருந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவோம். சில சமயம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்த வட்டாரக் கருவி மையத்துக்கு ரயிலேறி நாமே கொண்டுபோவோம். பிறகு காத்திருப்பு. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். உறை வரும், உள்ளே ஒரே ஒரு தாள், அதில் வரிசையாகக் கோடுகள். முகம் தெரியாத யாரோ ஒருவர் நமக்காக உட்கார்ந்து அதை எடுத்திருக்கிறார். ஓரத்தில் பென்சிலில், "மாதிரியில் கிரீஸ் கலந்திருக்கிறது, குப்பியின் மூடியைக் கவனியுங்கள்" என்று ஒருமுறை ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரி எனக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தியது. பொதுக் கருவி ஆய்வகத்தை நடத்துகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று நான் கற்றது அந்தப் பென்சில் வரியிலிருந்துதான்.

ஹைதராபாத்தில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனத்தில் தேசிய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மையம் இருக்கிறது. அதற்கு எம். வைரமணி தலைமை தாங்கிய காலத்தில், நம் ஆள் ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை இருந்தது. இப்படிப்பட்ட மையங்களின் வேலை விசித்திரமானது. நாடு முழுவதும் இருந்து பிறர் ஆராய்ச்சியின் குப்பிகள் வந்து சேரும், பதில் போகும். கட்டுரை வெளியாகும்போது கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. வாய்க்காலில் மடை திருப்புகிறவர் வெள்ளாமையில் பங்கு கேட்பதில்லை. எங்கள் ஆய்வகத்திலும் அதையே விதியாக வைத்தேன். ஸ்பெக்ட்ரம் எடுத்துக் கொடுத்ததற்காக ஒரு மாணவனின் கட்டுரையில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிறவர்கள் உண்டு, அது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கருவி அரசாங்கப் பணத்தில் வந்தது. அது ஊருக்குச் சொந்தம்.

இனி இந்தத் தலைப்புக்கு வருகிறேன்.

பிளாங்க் என்றால் வெற்று. மாதிரிக்குச் செய்யும் அத்தனை வேலைகளையும் மாதிரி இல்லாமல் செய்து, கருவியில் ஏற்றிப் பார்ப்பது. ஒன்றுமே தெரியக் கூடாது. ஆனால் தெரியும். எப்போதும் ஏதாவது தெரியும். 149 என்ற எண்ணில் ஒரு கோடு எழுந்தால் அது பிளாஸ்டிக் குழாயிலிருந்து கசிந்த தாலேட். 207 என்றால் கருவிக்குள் இருக்கும் காலம் (column) என்ற மெல்லிய குழாயின் சிலிக்கோன் பூச்சு. வேறு சில கோடுகள் விரல் நுனியின் எண்ணெய்ப் பசை, பம்ப்பின் ஆயில். இவையெல்லாம் எங்கள் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி, பார்த்தவுடன் தெரியும். எவன் மாதிரியில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், உன் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக்கொள் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இந்தத் தொழில் தொடங்கியதே அந்தப் பாடத்தோடுதான். 1912-ல் கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன் நியான் வாயுவை ஓடவிட்டபோது 20 என்ற எடையில் ஒரு கோடு வந்தது. பக்கத்திலேயே 22-ல் மங்கலாக இன்னொன்று. புதுசாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் குதிக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடின் எடை 44. அதற்கு இரட்டை மின்னேற்றம் கிடைத்தால் கருவிக்கு அது 22 போலத்தான் தெரியும். அப்படியானால் அது குழாயில் தங்கிய அழுக்காக இருக்கலாம் அல்லவா? வாயுவைத் திரவக் காற்றில் குளிர்வித்த குழாய் வழியாக மெல்ல ஓடவிட்டு, கார்பன் டை ஆக்சைடை உறையவைத்துப் பிடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். 44 மறைந்தது. 22 அசையவில்லை. ஒரே தனிமம் இரண்டு எடையில் இருக்க முடியும் என்பதற்கு அது முதல் தடயம். அவருடைய உதவியாளராக இருந்த ஆஸ்டன் அதையே பிடித்துக்கொண்டு 1919-ல் இன்னும் கூர்மையான கருவி கட்டி உறுதி செய்தார். 1922-ல் நோபல் பரிசும் பெற்றார். தாம்சன் முதலில் சந்தேகப்பட்டது தன் குழாயை.

இதை முப்பது வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நானே ஒரு சமயம் அதைக் கைவிட்டேன். அதை எழுதாமல் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

2008-ன் கடைசியில் உலகம் முழுக்க அசிட்டோநைட்ரைலுக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்களுக்கு அது சமையலறைத் தண்ணீர் மாதிரி. காய்கறியிலோ மஞ்சளிலோ பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அரைத்த மாதிரியை அந்தத் திரவத்தில் குலுக்கித்தான் மருந்தைப் பிரித்தெடுப்போம். அப்போது அதைப் பெரும்பாலும் யாரும் தனியாகத் தயாரித்ததில்லை. அக்ரிலிக் நூலுக்கும் காரின் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் தேவையான அக்ரிலோநைட்ரைல் செய்யும்போது கூடவே கிடைப்பது அது. பொருளாதார மந்தத்தில் கார் விற்பனை படுத்தது, ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்காகச் சீனாவில் சில ஆலைகளை நிறுத்தினார்கள், டெக்சாஸில் ஒரு புயல் வேறு அடித்தது. எங்கோ கார் விற்காமல் போனதற்குக் கோயமுத்தூரில் எங்கள் பாட்டில் காலியானது. விலை பல மடங்கு ஏறியது, கொடுத்தாலும் சரக்கு இல்லை.

சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தொகுதி மாதிரிக்கும் ஒரு பிளாங்க் போடுவோம், அதற்குப் பத்து மில்லி. மாதக்கணக்கில் எங்கள் பிளாங்க் சுத்தமாகத்தான் வந்துகொண்டிருந்தது. வாரத்துக்கு ஒன்று போதும் என்று நானே ஆய்வகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் எனக்குக் கண் முன்னால் நிற்கிறது.

2009 மாசியில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியின் மஞ்சள் வந்தது. வாங்குகிறவர் வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், எச்சம் இல்லை என்று சான்று கேட்டிருந்தார். அப்போது ஐரோப்பாவில், தனியாக வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது பொது வரம்பாகியிருந்தது. ஒரு டன் மஞ்சளில் சின்னக் கல்லுப்பு ஒன்றின் எடை. எங்கள் முடிவில் குளோர்பைரிபாஸ் 0.03 என்று வந்தது. அந்த மருந்தைத் திரையில் அடையாளம் காண்பது சுலபம். 197, 199 என்று இரண்டு கோடுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஜோடியாக எழும். அதில் இருக்கும் குளோரின் அணுக்கள் இரண்டு எடைகளில் இருப்பதால் வரும் ஜோடி அது. ஒரே உயரத்தில் நிற்கும் காங்கேயம் காளைகள் போல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அன்றும் ஜோடி தெளிவாக நின்றது. கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் அவரே வந்தார். வேட்டி சட்டை, தோளில் துண்டு, கையில் எங்கள் தாள். அறுபது வயது இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஏனுங்கம்மா, இந்தக் காட்டுல மருந்தடிச்சு எட்டு வருசமாச்சுங்க. மாட்டுச் சாணியும் வேப்பம் புண்ணாக்கும்தானுங்க போடறது. இதுல மருந்து இருக்குதுன்னு போட்டிருக்கறீங்களே?"

பக்கத்துக் காட்டிலிருந்து காற்றில் வந்திருக்கலாம், வாய்க்கால் தண்ணீரில் வந்திருக்கலாம், வேக வைத்த கொப்பரையில் இருந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையசைத்தார். கடைசியில் நான் சொன்ன வாக்கியத்தை இன்றும் மறக்க முடியவில்லை: "கருவி பொய் சொல்லாதுங்க."

"மிஷினு பொய் சொல்லாதுங்கம்மா. நானும் சொல்லலீங்க" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு தூங்க முடியவில்லை. அப்பாவின் சொல்லில் பாதியைத்தான் நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். கருவி பேசியது உண்மை. காது கொடுத்தேனா?

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் பதிவேட்டை எடுத்தேன். அந்த மஞ்சளுக்கு முந்திய மாதிரி கறிவேப்பிலை, அதில் இதே குளோர்பைரிபாஸ் மிக அதிகமாக இருந்திருக்கிறது. இரண்டும் ஒரே மிக்ஸி ஜாரில் அரைபட்டவை. கழுவினாயா என்று உதவியாளர் பெண்ணைக் கேட்டேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, அசிட்டோன் விட்டு அலசினேன் மேடம் என்றாள். உண்மைதான், குறிப்பிலும் அப்படியே இருந்தது. ஜாரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அடியில் பிளேடைத் திருகிக் கழற்றினேன். உள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வாஷர். விளிம்பில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை. ரப்பர் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

முன்பே சோதித்துச் சுத்தம் என்று தெரிந்த அரிசியை அந்த ஜாரில், அந்த வாஷரோடு அரைக்கச் சொன்னேன். பிறகு புதிய வாஷர் போட்டு அதே அரிசி. பிறகு புதிய ஜாரில், கையிருப்பில் வைத்திருந்த அவருடைய மஞ்சள். மூன்றையும் வரிசையாகக் கருவியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தோம். முதல் ஓட்டத்தில் 197, 199 ஜோடி எழுந்து நின்றது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில், அவருடைய மஞ்சளில், மஞ்சளுக்கே உரிய டர்மரோன் கோடுகள் மலைபோல எழுந்தன. ஜோடி இருக்க வேண்டிய இடம் வெறும் தரையாகக் கிடந்தது.

உதவியாளர் பெண் அழுதாள். "நீ செய்யவில்லை கண்ணு, பிளாங்க்கைக் குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்" என்றேன். அவளுக்கு ஆறுதலுக்காகச் சொன்னதில்லை. அந்த வாரத்தில் ஒரே ஒரு பிளாங்க் அந்த ஜாரிலிருந்து கிளம்பியிருந்தால் இது அன்றே தெரிந்திருக்கும். அதோடு இன்னொன்றும் அன்றுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் முன்பு போட்டுவந்த பிளாங்க்குகளும் அசிட்டோநைட்ரைலை நேராகக் குழாயில் ஊற்றித் தொடங்கியவை, மிக்ஸிக்குள் போகாதவை. மாதிரி நடக்கும் பாதை முழுவதையும் பிளாங்க்கும் நடக்க வேண்டும். பாதி வழியில் ஏறிக்கொண்ட பிளாங்க், சுத்தம் என்று சொல்வதில் பொருளில்லை.

பழைய சான்றை ரத்து செய்து, காரணத்தை மறைக்காமல் எழுதி, புதிய சான்றோடு பல்கலைக்கழகத்துக்கும் வாங்குபவருக்கும் அனுப்பினேன். விவசாயிக்குத் தபாலில் அனுப்பினால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். களத்தில் மஞ்சள் காய்ந்துகொண்டிருந்தது. விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம். நடந்ததைச் சொன்னேன், வாஷரைக் காட்டினேன். அவர் அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இத்தனூண்டு ரப்பருங்களா?"

"ஆமாங்க."

"வாங்கறவரு வேற எடத்துல வாங்கிப் போட்டாருங்க" என்றார். குரலில் கோபமில்லை. அவர் வீட்டம்மா சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். குடிக்க எனக்குத் தொண்டை இறங்கவில்லை. "குடிங்கம்மா, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகு குடித்தேன்.

அந்தச் சரக்கை அவர் விற்காமல் வைத்திருந்தார். அடுத்த வருஷம், 2010-ல், மஞ்சள் விலை அதுவரை யாரும் பார்க்காத உயரத்துக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அவருக்கு நல்ல காசு கிடைத்தது. "பார்த்தீர்களா, உங்களால் அவருக்கு லாபம்தான்" என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தப் பணம் அவருடைய பொறுமைக்கும் சந்தைக்கும் உரியது. என் பிழையின் பக்கத்தில் அதை வரவு வைக்க முடியாது. விலை விழுந்திருந்தாலும் நான் செய்தது அதே பிழைதான்.

ஜப்பானின் கோய்ச்சி தனாகாவை உதாரணம் காட்டி என்னைத் தேற்றியவர்களும் உண்டு. 1985-ல் ஷிமாட்சு நிறுவனத்தில் இளம் பொறியாளராக இருந்தவர் அவர். கோபால்ட் உலோகத்தின் மிக நுண்ணிய தூளில் அசிட்டோனுக்குப் பதில் தவறுதலாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். தூள் விலை உயர்ந்தது, எறிவதற்கு மனமில்லை. அதையே கருவியில் வைத்துப் பார்த்தபோது, பி12 வைட்டமினின் பெரிய மூலக்கூறு உடையாமல் முழுசாகத் தெரிந்தது. முனைவர் பட்டம்கூட இல்லாத அவருக்கு 2002-ல் நோபல் பரிசு. எறிய மனமில்லாத அந்தக் கையை நம் ஊர் வீடுகள் எல்லாவற்றிலும் பார்க்கலாம், எனக்கு அவர் மீது அத்தனை பிரியம். ஆனால் என்னோடு அவரைச் சேர்க்காதீர்கள் என்று சொல்லிவிடுவேன். அவருடைய பிழைக்கான விலையை அவரே கொடுத்தார், கொஞ்சம் தூளும் ஒரு பகலும். என் பிழைக்கான விலையை ஒரு விவசாயி கொடுத்தார். பிழையிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று எளிதாகச் சொல்கிறோம். யாருடைய செலவில் கற்கிறோம் என்று கேட்பதில்லை.

அந்த மஞ்சளுக்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் எந்த நாளும் பிளாங்க் இல்லாமல் தொடங்கியதில்லை. 2012-ல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் போன காலத்தில்கூட. யு.பி.எஸ். பேட்டரிகள் தாங்காமல் கருவியை இறக்கி, திரும்ப வெற்றிடம் ஏற்ற ராத்திரி முழுக்கக் காத்திருந்து, காலையில் மாதிரிகள் குவிந்து கிடக்க, முதல் ஓட்டம் பிளாங்க்தான். திருப்பூரிலிருந்து பனியன் துணி கொண்டுவருகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். சாயத்திலிருந்து தடை செய்யப்பட்ட அமீன்கள் பிரிகின்றனவா என்று பார்த்துச் சொன்னால்தான் கப்பலேறும், ஐரோப்பாவில் வரம்பு கிலோவுக்கு 30 மில்லிகிராம். "சீக்கிரம் போடுங்க மேடம், கன்டெய்னர் நிக்குது" என்பார்கள். அவர்கள் அவசரம் நியாயமானது. இருந்தாலும் முதல் நாற்பது நிமிஷம் வெற்றுக்குத்தான் கொடுத்தேன்.

கருவியின் இதயமான அயனி மூலத்தையும் நானே சுத்தம் செய்வேன், ஓய்வு பெறும் வாரம் வரைக்கும். மஞ்சளும் மிளகாயும் கறிவேப்பிலையும் ஓடிய கருவியில் அது சீக்கிரம் கரிபிடித்துவிடும். ஆறவிட்டு, வெற்றிடத்தை இறக்கி, கையுறை போட்டுக் கழற்றினால் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சின்ன எஃகுத் துண்டுகள். அலுமினா பொடியைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சுக் குச்சியால் வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். பழுப்புக் கறை விலகி முகம் தெரியும் வரைக்கும். புளியும் சாம்பலும் போட்டு அம்மா பித்தளைக் குடம் தேய்த்த அதே வட்டம். பிறகு தண்ணீர், மெத்தனால், ஹெக்சேன் என்று ஒவ்வொன்றிலும் அல்ட்ராசோனிக் தொட்டியில் அலசல். தலைவர் செய்கிற வேலையா இது என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. கருவியில் என்ன அழுக்குச் சேர்ந்திருக்கிறது என்று கையால் தொட்டுத் தெரிந்தவர்தான் அதிலிருந்து வரும் தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் தீர்மானம்.

2013-ல் அறுபது முடிந்து வெளியே வந்தபோது மனசு கனத்துத்தான் இருந்தது. அப்போது எனக்குத் துணையாக வந்தவர் ஜான் ஃபென். யேல் பல்கலைக்கழகம் எழுபது வயதானவருக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தது, ஆய்வக இடமும் சுருங்கியது. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை நீர்த்துளியிலிருந்து மின்சாரத்தால் பறக்கவிட்டு எடை போடும் அவருடைய முறை உலகத்துக்குத் தெரியவந்ததே அதற்குப் பிறகுதான், 1988, 89-ல். பின்பு விர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகத்துக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார். தனாகாவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு 85 வயது. இன்று நம் ஊர் ஆய்வகங்களில் திரவ மாதிரியைப் பிரித்து எடை பார்க்கும் எல்.சி.எம்.எஸ். கருவிகள் பெரும்பாலும் அவர் காட்டிய வழியில்தான் ஓடுகின்றன. அவர் உயரம் எனக்கு எட்டாது. ஆனால் ஓய்வு என்பது அலுவலகத்தின் கணக்கு, வேலையின் கணக்கு இல்லை என்பதற்கு அவரை நினைத்துக்கொள்வேன். இப்போதும் யாராவது கூப்பிட்டால் போய் ஸ்பெக்ட்ரம் படித்துச் சொல்கிறேன்.

2015-ல் நம் காய்கறிகளில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளத்தில் பேச்சு கிளம்பி, வாளையார் வழியாகப் போகும் லாரிகளைப் பற்றித் தினமும் செய்தி வந்தது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் எச்சத்தை ஆராயும் ஆய்வகம் நம் கோவையிலேயே இருக்கிறது. கேரளப் பக்கத்திலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. டீக்கடையில் ஒரு தரப்பாக நின்று பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று தோன்றும். இரண்டு பக்கமும் ஏதோ ஒரு பிள்ளை ஜாரைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அவள் வாஷரைக் கழற்றிப் பார்த்தாளா? அவளுடைய தலைவர் அதற்கு அவளுக்கு நேரம் கொடுத்தாரா? ஒரு டன்னில் ஓர் உப்புக்கல்லைத் தேடும்போது இந்தக் கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். மருந்தடித்த காய் உண்டு, நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதை அச்சமில்லாமல் எழுதியும் இருக்கிறேன். அப்படி எழுதும் துணிச்சல், சொந்த ஜாரைச் சோதித்தவருக்குத்தான் வரும்.

அந்த மஞ்சள் விவசாயி, நான் வாஷரைக் காட்டிய அதற்கு அடுத்த தை முடிந்ததும் திரும்ப வந்தார். கையில் மஞ்சப்பையில் அரைக் கிலோ விரலி. வேறு ஆய்வகத்துக்குப் போயிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மாதிரிக்கான படிவத்தை நிரப்பி, கட்டணத்தை எண்ணி வைத்துவிட்டு, அரைக்கிற அறைக்குள் வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கூட்டிப் போனேன். உதவியாளர் பெண் முதலில் அரிசியைப் போட்டு அரைத்தாள்.

"இதெதுக்கு அம்முணி அரிசி?"

"இது பிளாங்குங்க அய்யா. மொதல்ல எங்க ஜாரைப் பாத்துட்டு, அப்புறந்தான் உங்க மஞ்சளு."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, ஜாரை வாங்கிக் கவிழ்த்து, அடியில் விரல் விட்டுப் பார்த்தார்.

"வாஷரு புதுசுங்களா?"

"புதுசுங்க."

"அப்பச் சரி, அரைங்க" என்று பையை நீட்டினார்.